உங்கம்மாவ எந்திரிக்க விடு, மாப்ளே

வா மாப்ளே, ஒக்காரு. நீ ஒக்காரலாம், ஒனக்கு 45 வயசுதான். உங்கம்மாதான் ஒக்காரக் கூடாது.

ஏன் முறைக்கிற? மாமன் காலங்காத்தால தண்ணியப் போட்டுட்டு ஒளர்றான்னுதான நெனைக்கிற? நான் குடிக்கிறது தே ஓ கோசோங். டாக்டரு சீனியே ஆகாதுன்னுட்டாரு. சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிறவன் பொய் சொல்ல மாட்டான். பொய் சொல்ற அளவுக்கு அவனுக்கு வாழ்க்கையில சந்தோஷம் கெடையாது.

என் தங்கச்சி இந்தச் சித்தியவான்ல இருந்தப்ப என்னா செஞ்சிக்கிட்டு இருந்தான்னு ஒனக்கு ஞாவகம் இருக்கா? அஞ்சு மணிக்கு எந்திரிப்பா. வாசலக் கூட்டுவா, கோழியத் தொறந்து விடுவா, கோயிலுக்கு நடந்தே போயி பூவக் குடுத்துட்டு வருவா. வர்ற வழியில பசார்ல நெத்திலி விக்கிற சீனக் கெழவியோட மலாய்ல ஒரு சண்டை. அவ மலாயும் ஒடசல், இவ மலாயும் ஒடசல், சண்டை மட்டும் சுத்தமா நடக்கும். அம்பது காசு கொறைச்சு வாங்கிக்கிட்டு வந்து அத ஒரு வாரம் சொல்லிக்கிட்டு இருப்பா.

நீ வந்து கூட்டிக்கிட்டுப் போன. பூச்சோங்ல 12ஆவது மாடி. லிப்டு இருக்கு, ஏர்கோன் இருக்கு, வேலைக்கு ஒரு இந்தோனேசியப் பொண்ணு இருக்கு. "தோட்டத்துல நீங்க பட்டது போதும்மா, இனிமே ஒரு துரும்பக்கூடத் தூக்கக் கூடாது"ன்னு சொன்ன. புள்ள சொன்னானேன்னு அவளும் தூக்கல. இப்ப துரும்பு கெடக்கட்டும், தொடையவே தூக்க முடியல. இந்தத் தீவாளிக்கு வந்து காடிய விட்டு எறங்குனப்ப ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் உன் பொண்டாட்டி, பின்னால அந்தப் பொண்ணு, முன்னால நான். மூணு படி ஏற நாலு பேரு.

நீ கெட்ட புள்ள இல்ல மாப்ளே. கெட்ட புள்ளையா இருந்திருந்தா உங்கம்மா இன்னும் நடந்துக்கிட்டு இருந்திருப்பா.

பின் தெருவுல ஒரு ஆயா இருக்கு. வயசு 81. மவனுங்க ரெண்டு பேரு, ஒருத்தன் ஜொகூர்ல, ஒருத்தன் சிங்கப்பூர்ல. வருஷத்துக்கு ஒரு தரம் வந்து படம் புடிச்சு பேஸ்புக்குல போட்டுட்டுப் போயிருவானுங்க. அந்த ஆயா தானே தொவைக்குது, தானே ஆக்கித் திங்குது, ஆயர் தாவாருக்கு பஸ் ஏறி மவ வீட்டுச் சம்பந்திய விசாரிச்சுட்டு வருது. கண்டுக்காத மவனுங்களால அந்தக் காலு தப்பிச்சிருச்சு. அதுக்காக நீயும் கண்டுக்காம இருன்னு சொல்லல. அது குளியலறையில விழுந்தா தூக்க ஆளு வர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும். நான் சொல்றது ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு, அந்த எடத்துல வந்து நில்லுன்னுதான்.

உங்கம்மா யாருன்னு நெனைச்ச? கித்தாக் காட்டுல வளந்தவ. இருட்டோட பெரட்டுக்குப் போயி, நிரையில ஐந்நூறு மரத்துக்குக் கொறையாம குனிஞ்சு நிமிந்து வெட்டி, காண்டாக் கம்புல ரெண்டு வாளிப் பாலத் தோள்ல ஏத்திக்கிட்டு ஸ்டோருக்கு நடந்தவ. கித்தாவச் சாச்சுட்டு செம்பனை நட்டப்ப ஒதிரிப் பழம் பொறுக்கவும் போனா. அந்த இடுப்பயும் அந்தக் காலயும் நீ சோபாவுல வெச்சுக் கரைச்சுட்ட. ஒரு தரம் மழையில பாலு கெட்டுப்போனதுக்கு தண்டல் ஏசுனான். அதுக்குக் கூட அழாதவ, இப்ப நாற்காலிய விட்டு எந்திரிக்க முடியலன்னு அழுவுறா.

என் பேத்தி பிசியோ வேலை பாக்குது. அது படிச்சதயெல்லாம் என் மேலதான் சோதிச்சுப் பாக்கும். அது சொன்ன கதை ஒண்ணு. 2007ல அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்றவங்க, நோய்நொடி இல்லாத வயசானவங்க கொஞ்சப் பேரப் பத்து நாளைக்குப் படுக்கையிலயே படுக்க வெச்சாங்களாம். வேளா வேளைக்குச் சோறு, டாக்டரு பக்கத்துலயே. பத்து நாள் கழிச்சு அளந்து பாத்தா கால்ல இருந்த சதை மட்டும் ஏறக்கொறைய 1 கிலோ காணோம். கசாப்புக் கடையில 1 கிலோ கேட்டா சீனன் தராசுல போடுறானே, அவ்வளவு. பத்தே நாளு. நீ உங்கம்மாவ எத்தன மாசம் ஒக்கார வெச்ச, கணக்குப் போட்டுக்க.

ஓய்வே வேணாம்னு சொல்ல நான் முட்டாள் இல்ல. பால் மரத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டுவோம். தெனமும் வெட்டுனா பட்டை காஞ்சு பாலு வத்திப் போயிரும். ஆனா "பாவம் மரம்"னு சொல்லி நாலஞ்சு வருஷம் அந்தப் பக்கமே போகாம இருந்து பாரு. லாலான் இடுப்பளவு மண்டியிருக்கும், மங்க எவனோ கழட்டிக்கிட்டுப் போயிருப்பான், போற வழியே தெரியாது. நீ உங்கம்மாவுக்குக் குடுத்தது அந்த மாதிரி ஓய்வு.

சரி, ஓய்வு போதும், உங்கம்மா குளிக்கற விசயத்துக்கு வா. கிளீவ்லாண்டுன்னு ஒரு ஊரு, அங்க சிட்னி காட்ஸ்னு ஒரு டாக்டர். இடுப்பெலும்பு ஒடஞ்சு வந்த கெழடுகட்டைங்களப் பாத்துப் பாத்து 1963ல ஆறு வேலைய எழுதி வெச்சாரு. குளிக்கறது, துணி உடுத்தறது, கக்கூஸுக்குப் போய் வர்றது, கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாறறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்கறது, எடுத்துத் திங்கறது. வயசாவ ஆவ இது பெரும்பாலும் இந்த வரிசையிலதான் கைய விட்டுப் போவுமாம். குளிக்கறதுதான் மொதல்ல போவும். திங்கறது கடைசியில. இத நம்ம குடும்பத்துக்கு ஒருத்தன் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லணுமா? உங்க பெரியப்பா கடைசி வரைக்கும் எத விட்டாரு, எத விடலன்னு நீயே பாத்தியே.

அந்த டாக்டரு இன்னொரு விசயமும் வெச்சிருக்காரு. அதுதான் எனக்குப் புடிச்சது. ஒருத்தனால முடியுமாங்கறது கணக்கே இல்ல. செய்யறானா இல்லையாங்கறதுதான் கணக்கு. முடிஞ்சும் செய்யாதவனுக்கு முட்டைதான். உங்கம்மாவுக்குக் கை வெளங்குது, தண்ணி மொண்டு ஊத்தத் தெரியுது. ஆனா அந்தப் பொண்ணுதான் குளிப்பாட்டுது, அந்தப் பொண்ணுதான் சேலைக்குப் பதிலா நைட்டிய மாட்டி விடுது, அந்தப் பொண்ணுதான் தலை சீவுது. ஆக முட்டை. அந்த முட்டைய அவளுக்குப் போட்டது வயசு இல்ல மாப்ளே, நீ குடுக்கற சம்பளம்.

ஒனக்கு மட்டும் ஏச்சு விழுதுன்னு நெனைக்காத. எங்க கூட்டம் ஒண்ணும் யோக்கியம் இல்ல. கிளினிக்குக்குப் போனா மிஸ்ஸி கேக்கும், "அங்கிள், போலே மண்டி செண்டிரி?" தானா குளிக்க முடியுதான்னு. வரிசையில ஒக்காந்திருக்கிற அத்தன கெழவனும் "போலே"ம்பான். மலாய்க்காரன் ஒரு தரம் போலேம்பான், சீனன் தலைய மட்டும் ஆட்டுவான், நம்மாளு "போலே, போலே"ன்னு ரெண்டு தரம் சொல்லுவான். வீட்டுக்குப் போயி பாத்தா பொண்டாட்டி குளியலறைக் கதவுக்கு வெளிய ஸ்டூலப் போட்டு ஒக்காந்திருப்பா, உள்ள சத்தம் கேக்குதா கேக்கலையான்னு. இந்த லச்சணத்துல, 2018ல சுகாதார அமைச்சு நாடு முழுக்க 60 வயசு தாண்டுனவங்களப் போயி விசாரிச்சப்பவே, நூத்துக்கு 17 பேரு இந்த மாதிரி அன்னாட வேலையில தடுமாறறாங்கன்னு கணக்கு வந்துச்சு. 14 பேரு ஒரு வருஷத்துக்குள்ள ஒரு தரமாவது விழுந்திருக்காங்க. போலே போலேன்னு சொன்னவன்லாம் உண்மையச் சொல்லியிருந்தா எத்தன ஆயிருக்குமோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

வெளி வேலையிலதான் இன்னும் மோசம். கடைக்குப் போறது, சமைக்கறது, மருந்த நேரத்துக்கு எடுக்கறது, காசப் பாத்துக்கறது, இதுலயெல்லாம் அதே கணக்குல நூத்துக்கு ஏறக்கொறைய 43 பேருக்கு ஆள் தொணை வேணுமாம். இதுக்கும் ஒரு பட்டியல் உண்டு. லாட்டன், பிராடின்னு ரெண்டு பேரு 1969ல போட்டது. டெலிபோன் பேசறது, சாமான் வாங்கறது, சமையலு, வீட்டு வேலை, துணி தொவைக்கறது, பஸ்சு கிஸ்சு ஏறிப் போறது, மருந்து, காசு. மொத்தம் எட்டு. இதுல கூத்து என்னான்னா, பொம்பளைக்குத்தான் எட்டு மார்க்கு. ஆம்பளைக்கு அஞ்சுதான். சமையலு, வீட்டு வேலை, தொவைக்கறது மூணையும் ஆம்பளைக்கு அந்தக் காலத்துல கேக்கவே மாட்டாங்களாம். அமெரிக்காக்காரனும் நம்ம லயத்து ஆளுதான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அந்த அஞ்சு மார்க்கு ஆம்பளைய ஒனக்குக் காட்டவா? மூலை வீட்டு கிராணி. தோட்டத்துல இருந்தப்ப வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, பேனா காதுல. சம்பளக் கணக்குல ஒரு காசு பிசகாது. பொண்டாட்டி போன மறுவாரம் தண்ணி கொதிக்க வெக்கறதுக்கு அடுப்பப் பத்த வெக்கத் தெரியல மனுசனுக்கு. உப்பு எந்த டப்பா, சீனி எந்த டப்பா தெரியல. இப்ப மூணு வேளையும் மாமாக் கடைதான். ரொட்டி சானாய், கெட்டிப் பால் ஊத்துன தே, அதுக்கு மேல ஒரு சிகரெட்டு. இனிப்பு நீர் ஏறிப்போயி ஒரு வெரல எடுத்தாச்சு. அவரக் கேட்டா "எனக்கென்ன, நான் யாரையும் நம்பி இல்ல"ம்பாரு. மாமாக் கடைக்காரன் ஊருக்குப் போனா ரெண்டு நாள் பட்டினி.

நீ சிரிக்கிற. உன்னயே இப்பக் கேக்கறேன். சமையலு? போன அமுக்குனா மோட்டார்ல ஒருத்தன் கொண்டாந்து குடுக்கறான். துணி? உன் வீட்டுக்காரி. வீட்டு வேலை? அந்தப் பொண்ணு. சாமான்? அதுவும் போன்லதான். மருந்து? போன மாசம் பிரஷர் மாத்திரைய மறந்துட்டு மயங்குனது யாரு? ஒனக்கு மிஞ்சுனது டெலிபோனும் காடியும் காசும். பேசாம உன்ன இங்க விட்டுட்டு, உங்கம்மாவ பூச்சோங்குக்கு அனுப்பி உன் ஆபீஸ் வேலையப் பாக்கச் சொல்லலாம்.

காசுன்னு சொன்னதும் இன்னொண்ணு. அவ பேங்கு கார்டையும் நீயே வாங்கி வெச்சுக்கிட்டியாமே. ஏன்னு கேட்டா, போனுக்கு நம்பரு வருது, அத அமுக்கணும், அம்மாவுக்குத் தெரியாது, எவனாவது ஏமாத்திருவாங்கற. ஏமாத்தறவனுங்க இருக்கானுங்க, நெசந்தான். ஆனா அவ ஏமாறுறவளா? அந்தக் காலத்துல துரைமாருங்க தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டுப் போனானுங்க. தோட்டத்த நம்மளே வாங்கலாம்னு 1960ல துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்குனாரு. 100 வெள்ளிப் பங்கு, 10 வெள்ளி 10 வெள்ளியாக் கட்டலாம்னு தோட்டந் தோட்டமா வந்து சொன்னாங்க. பின்னால அவ பால் வெட்ட வந்ததும் அப்பனுக்குத் தெரியாம, அண்ணனுக்கும் தெரியாம கட்டி முடிச்சா. ரசீத அரிசிப் பானைக்கு அடியில வெச்சிருந்தா. அவளுக்கு நீ கணக்கு சொல்லிக் குடுக்கறியா?

2025 ஆகஸ்டு கடைசியில அரசாங்கம் ஆளுக்கு 100 வெள்ளி ஐசியில போட்டுச்சே, சாரான்னு, அத யாரு போயி வாங்குனது? நீ போயி வாங்குன. அரிசி, எண்ணெய், மைலோ. அவ எங்கிட்ட போன்ல என்னா சொன்னா தெரியுமா? "அண்ணே, அந்த எண்ணெய் நம்ம வாங்கற எண்ணெய் இல்லண்ணே." அவ்வளவுதான் சொன்னா. அவள அந்தக் கடைக்கு ஒரு வண்டியத் தள்ளிக்கிட்டு நடக்க விட்டிருந்தா காலுக்கும் வேலை, மூளைக்கும் வேலை, வாய்க்கும் வேலை. ஒனக்கு அரை மணி நேரம் மிச்சம் ஆயிருச்சு, அவளுக்கு ஒரு நாளே இல்லாமப் போச்சு.

என்னா செய்யறதுன்னு கேளு. கேக்காட்டியும் சொல்லுவேன். மனுசியத் தொடாத, வீட்டத் தொடு. அவ வழுக்குவான்னு அவளப் புடிச்சுக்கிட்டு நிக்காத, வழுக்குற தரையச் சரி பண்ணு. குளியலறையில ஈரம் நிக்காம வாட்டம் எடு. கக்கூஸ் பக்கம் ஒண்ணு, குளிக்கற எடத்துல ஒண்ணு, கைப்பிடிக் கம்பி மாட்டு. செவுத்துல ஆழமாப் போவணும், துணி காயப் போடற கம்பி மாதிரி கையோட வந்துரக் கூடாது. ஒக்காந்து குளிக்க கால் வழுக்காத ஸ்டூலு. குந்தற கக்கூஸு அவ முட்டிக்கு இப்ப ஆவாது, அத மாத்து. கட்டில்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் ராத்திரி வெளிச்சம். தேஞ்சு போன சப்பான் சிலிப்பரத் தூக்கிப் போடு, அது எத்தன இடுப்ப ஒடச்சிருக்கோ. அவ கட்டிலுக்குப் பக்கத்துல கெடக்கற அந்தக் கால் மிதியையும் எடுத்துரு.

அப்பறம் ஒரு சின்ன சோதனை, என் பேத்தி காட்டுனது. கைப்பிடி உள்ள நாற்காலியில ஒக்கார வெச்சு, எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து ஒக்காரச் சொல்லு. நேரத்தப் பாரு. 12 வினாடிக்கு மேல ஆனா விழற ஆபத்து இருக்குன்னு அர்த்தம், பிசியோகிட்டக் காட்டு. பக்கத்துலயே நீ நின்னுக்க. முடிஞ்சதும் நீயும் செஞ்சு பாரு. அந்தத் தொந்தியோட நாற்காலிய விட்டு நீ எந்திரிக்கறத நான் பாக்கணும்.

காலையில தெடல் பக்கம் போனா சீனக் கெழவனுங்க, கெழவிங்க வரிசையா நின்னு மெதுவாக் கைய நீட்டி மடக்கிக்கிட்டு இருப்பாங்க, தாய் சி. 1903ல பாதிரியாரோட வந்து இந்த ஊர்ல எறங்குன பூச்சாவ் சீனங்களோட பேரப் புள்ளைங்க. நான் மொதல்ல கொசு வெரட்டறாங்கன்னு நெனைச்சேன். தாய் சி செய்யறவங்க கொறைவா விழறாங்கன்னு ஆராய்ச்சியே இருக்காம். ஒவ்வொருத்தரும் முடிச்சுட்டு ஒரு கொங் பியாங்கக் கடிச்சுத் திங்கறாங்க. அந்த ரொட்டிய கடிக்க மொதல்ல பல்லு வேணும். நம்மாளுங்க அந்நேரம் கடையில ஒக்காந்து எவனுக்கு எந்த நோவுன்னு பேசிக்கிட்டு இருப்பாங்க. அதுவும் ஒரு தேகப்பயிற்சிதான், நாக்குக்கு.

கைத்தடி? அத நீ எடுத்துக்கிட்டுப் போயி நீட்டிராத, மொகத்துல அடிப்பா. இந்த ஊர்ல வயசான எவனும் தடி வெச்சுக்க மாட்டான். எல்லாரும் கொடை வெச்சிருப்பாங்க, நீ கவனிச்சதில்ல. வெயிலோ மழையோ, நீளக் கொடை. ஊனிக்கிட்டே நடப்பான், கேட்டா "மழ வர்ற மாதிரி இருக்கு"ம்பான். கொடையோட முனை வழுக்கும், தடிக்கு அடியில இருக்கற ரப்பர் அதுல கெடையாது. கித்தா வெட்டியே பொழைச்ச கூட்டம், ஒரு துண்டு கித்தா இல்லாம விழுந்து சாவுது பாரு. அவளுக்கு ஒரு நல்ல தடிய வாங்கி, பேரப்புள்ள வாங்குனதுன்னு சொல்லிக் குடு. பேரப்புள்ள குடுத்தா பாம்பக்கூட கையில புடிச்சுக்குவா.

உன் பொண்டாட்டி போன வாரம் எங்கிட்ட முதியோர் ஹோம் பத்திப் பேச்செடுத்துச்சு. தப்பில்ல, அதுவும் வேலைக்குப் போவுது. ஆனா விசாரிச்சுட்டுப் பேசணும். அரசாங்கத்தோட ரூமா ஸ்ரீ கெனாங்கான், தஞ்சோங் ரம்புத்தான்ல ஒண்ணு இருக்கு. தஞ்சோங் ரம்புத்தான்னதும் சிரிக்காத, நான் சொல்றது அந்தப் பெரிய மனநல ஆஸ்பத்திரி இல்ல. அங்க ஆளு இல்லாதவங்களத்தான் சேப்பாங்க, அதோட தன் வேலையத் தானே பாத்துக்கறவங்களா இருக்கணும். படுத்துட்டவங்களுக்கு வேற எடம், ரூமா ஏசான், கோலகுபு பாருலயும் டுங்குன்லயும்தான் இருக்கு. பாத்தியா? மவன் இல்லாதவ மாதிரி அனாதை இல்லத்துல சேரணும்னாக்கூட உங்கம்மா தானா குளிக்கத் தெரிஞ்சிருக்கணும். நீ அந்த வழியையும் அடைச்சு வெச்சிருக்க.

அதனால இப்ப நான் சொல்றதக் கேளு. அவ பொங்கல் வரைக்கும் இங்க இருக்கட்டும். அந்த இந்தோனேசியப் பொண்ண நீ கூட்டிக்கிட்டுப் போயிரு, அது நல்ல பொண்ணு, அதனாலதான் சொல்றேன். இங்க நாங்க ரெண்டு கெழடும் பாத்துக்குவோம். வெங்காயம் அவ உரிப்பா, அம்மியில நான் அரைப்பேன். மொதல் ஒரு வாரம் என்னய ஏசுவா, ரெண்டாவது வாரம் உன்னய ஏசுவா, மூணாவது வாரம் அந்த நெத்திலிக் கெழவிய ஏசப் பசாருக்கு நடப்பா. சட்டையில பொத்தான் போட அவளுக்குக் கால் மணி நேரம் ஆவுதா, ஆவட்டும். அவளுக்கு எந்த ரயிலப் புடிக்கணும்? நீ பக்கத்துல இருந்தா கைய பின்னால கட்டிக்கிட்டு நில்லு. அதுதான் ஒனக்குக் கஷ்டமான வேலை, எனக்குத் தெரியும்.

குளியலறைக்குக் கம்பி மாட்டற சீனப் பையன் நாளைக்குக் காலையில கம்போங் கோவுல இருந்து வர்றான். டைல்ஸ்ல தொளை போடணும், ரெண்டு கம்பி, கூலியோட சொல்லியிருக்கான். உங்கம்மாகிட்ட அது எனக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன், "அண்ணனுக்கு முடியல பாவம்"னு அவளும் ஒத்துக்கிட்டா. நான் புடிக்கறப்ப எவனாவது பாத்தா தங்கச்சிக்கு மாட்டுனதுன்னு சொல்லிக்குவேன். காசு மட்டும் நீ குடுத்துட்டுப் போ.